கிருமிநாசினிகளும் மருத்துவமனைப் பணியாளர்களின் சுவாச நோய்களும்

மருத்துவமனைகளில் தரை, கட்டில், அறுவைக் கருவி, எண்டோஸ்கோப்பிக் குழாய் முதலியவற்றில் கிருமி நீக்கப் பயன்படும் இரசாயனங்கள், அவற்றை நாள்தோறும் கையாளும் செவிலியர், தொழில்நுட்பப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு ஆஸ்துமா உள்ளிட்ட சுவாச நோய்களை உண்டாக்கலாம். ஏற்கெனவே உள்ள நோயை முற்றச் செய்யலாம். குளூட்டரால்டிஹைடு, ஆர்த்தோ தாலால்டிஹைடு, சோடியம் ஹைப்போகுளோரைட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, பெரசிட்டிக் அமிலம், பென்சால்கோனியம் குளோரைடு ஆகியவை இவற்றில் முக்கியமானவை.

நோய் இரு வழிகளில் வருகிறது. ஒன்று ஒவ்வாமை. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், தொந்தரவின்றி வேலை செய்திருப்பார்கள். உடல் அந்த இரசாயனத்துக்கு ஒவ்வாமை கொண்டபின் மிகச் சிறிய அளவே இளைப்பைக் கிளப்பிவிடும். மற்றது நேரடி எரிச்சல். ஒரே தடவை பெருமளவு ஆவியைச் சுவாசித்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஆஸ்துமாவை 1985இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் புரூக்ஸும் அவருடைய குழுவினரும் விவரித்தனர்.

அதிகம் ஆராயப்பட்டது குளூட்டரால்டிஹைடு. எண்டோஸ்கோப்பி அறைகளில் இதன் 2% கரைசலைத் தட்டில் ஊற்றிக் குழாய்களை ஊறவைப்பது நெடுநாள் வழக்கம். மூடிய தட்டிலிருந்து ஆவி அவ்வளவாக வெளிவராது. பழைய கரைசலைக் கொட்டிப் புதியதை ஊற்றும்போதும், நனைந்த குழாயைத் தூக்கி அலசும்போதும்தான் அது முகத்தில் அடிக்கிறது. பிரிட்டனில் இதற்கான வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு. ஏறத்தாழ அதே அளவில்தான் அதன் நெடி மூக்குக்குத் தெரியத் தொடங்குகிறது. ஆகவே நெடி அடிக்கும் அறையைப் பாதுகாப்பானதாகக் கொள்ள முடியாது. மாற்றாக வந்த ஆர்த்தோ தாலால்டிஹைடு குறைவாகவே ஆவியாகும் என்றாலும், அதுவும் ஆஸ்துமாவைத் தூண்டியதுண்டு.

ஹைப்போகுளோரைட்டின் பெரிய ஆபத்து கலப்பில் இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன்களும் வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறிய கழிப்பறையில் இது உயிருக்கே ஆபத்து.

2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 73,262 பெண் செவிலியரை 2009 முதல் 2015 வரை பின்தொடர்ந்தது. புகைப் பழக்கத்தைக் கணக்கில் கொண்ட பிறகும், வாரந்தோறும் கிருமிநாசினி கையாண்டோருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு, கையாண்ட வேலையையும் இரசாயனத்தையும் பொறுத்து, 25 முதல் 38 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. உடல்நலம் கெட்டவர்கள் வேலையை விட்டுவிடுவதால் இத்தகைய ஆய்வுகளில் பாதிப்பு உண்மையைவிடக் குறைவாகவே தெரிய வாய்ப்புண்டு. ஒப்பந்தத்தில் வந்துபோகும் தூய்மைப் பணியாளர்களின் பாதிப்பைப் பதிவுகளில் காண்பது இன்னும் கடினம். இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீளும் இருமலும் இளைப்பும் முதல் தடயம். பணி நாளிலும் ஓய்வு நாளிலும் மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவியில் தினம் நான்கு முறையாவது ஊதிக் குறித்துவந்தால் வேறுபாடு புலப்படும். இன்ஹேலர் மட்டும் கொடுத்து அதே அறைக்குத் திருப்பி அனுப்பினால் நோய் நிலைத்துவிடக்கூடும்.

தடுப்பில் முதலிடம் மாற்றுக்கு: தானியங்கிக் கழுவு இயந்திரம், வெப்ப முறை, கிருமிநாசினி தேவையில்லாத இடத்தில் சோப்பும் தண்ணீரும். அடுத்தது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு. தெளிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. தெளிக்கும்போது நுண்துளிகள் நேரே மூச்சில் கலக்கின்றன. சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்95 முகக்கவசமும் இரசாயன ஆவியைத் தடுக்காது. அதற்கு அந்தந்த இரசாயனத்தின் ஆவிக்கு ஏற்ற வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.