பிறர் இட்ட கையொப்பம்: கம்மம் ஒப்புதல் படிவங்களை மீண்டும் வாசித்தல்

பள்ளிவழித் தடுப்பூசி பற்றிய ஆய்வுகளில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையை எடுத்து, அதையே பெற்றோரும் ஆசிரியரும் அத்தடுப்பூசியை ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாக எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பழி அறியாமைமீதும் வதந்திமீதும் விழுகிறது. 2009–10இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் (இன்றைய தெலங்கானாவின்) கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் குறித்து எழுதியவர்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு முகாம் திட்டம் எட்டிய அளவைப் பாராட்டுகிறது. மற்றது நடந்த அறமீறலைக் கண்டிக்கிறது. முன்னவர்க்குப் படிவத்தின் அடியில் உள்ள கையொப்பம் சம்மதம். பின்னவர்க்கு அது விடுதிக் காப்பாளரின் அத்துமீறல். ஒரு புள்ளியில் மட்டும் இரு முகாம்களும் ஒத்துப்போகின்றன: கையொப்பத்தைக் கொண்டு இட்டவரின் மனத்தை அறிந்துவிடலாம் என்று இரண்டும் நம்புகின்றன. இக்கட்டுரை மறுப்பது அந்த நம்பிக்கையை.

வாதத்துக்கு அடிப்படையான ஆவணம், நலவாழ்வு மற்றும் குடும்பநலத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்ட் 30 அன்று அவையில் வைத்த 72ஆம் அறிக்கை. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளோடு சேர்ந்து நடத்திய அத்திட்டத்தில் 10 முதல் 14 வயது வரையிலான சிறுமியர் கம்மத்தில் சுமார் 14,000 பேருக்கும் வடோதராவில் சுமார் 10,000 பேருக்கும் ஊசி போடப்பட்டது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் பெருவிரல் ரேகை இருந்தது என்றும், 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர் என்றும் அறிக்கை சொல்கிறது. குஜராத்தின் 6,217 படிவங்களில் ரேகை வைத்தவை 3,944. அறமீறல் பற்றி எழுதும் எவரும் இந்த எண்களை விடாமல் எடுத்தாள்கிறார்கள். ஆனால் இவற்றை யாரும் நின்று வாசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் ரேகையைப் பார்ப்போம். ரேகைகளின் மிகுதியிலிருந்து குழு எடுக்கும் முடிவு, பெற்றோரில் மிகப் பலர் எழுத்தறிவற்றவர்கள், தம் தாய்மொழியில்கூட எழுதத் தெரியாதவர்கள் என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ரேகையையும் காப்பாளர் கையொப்பத்தையும் ஒரே மூச்சில், ஒரே குறைபாட்டின் இரு வடிவங்களாக எண்ணுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கையொப்பத்தை வேறொருவர் இட்டுவிடலாம். ரேகைக்கு ஓர் உடல் வேண்டும். அந்தத் தாள் முன் ஒரு தாயோ தந்தையோ இருந்திருக்க வேண்டும். கம்மம் மாவட்டத்துப் பத்ராசலத்தைச் சுற்றிய கோயா ஆதிவாசி ஊர்களில் கூலிவேலையை விட்டுவிட்டு வந்து ரேகை வைத்த ஒரு பெண், வராமலேயே ‘சம்மதித்த’ பெற்றோரைவிட ஒப்புதலுக்குப் பல மடங்கு அருகில் நிற்கிறாள். அவளிடம் என்ன சொல்லப்பட்டது என்பதே கேள்வி. அதற்குத்தான் சாட்சிக் கையொப்பம். பல படிவங்களில் அது இல்லை என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. குறை படித்தவர்கள் செய்யத் தவறிய வேலையில் இருக்கிறது. அறிக்கையோ அதை ரேகை வைத்தவரின் கல்லாமைமேல் ஏற்றிவிடுகிறது. பின்வந்த ஆய்வாளர்களும் இதைத் திருத்தவில்லை.

அடுத்தது அந்த 2,763. மொத்தத்தில் இது ஏறத்தாழ 29 விழுக்காடு. ஆசிரமப் பள்ளிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிச் சிறுமியரின் படிவங்களில் காப்பாளர்களே ஒப்பமிட்டார்கள் என்பது 2010 மார்ச்சில் பத்ராசலம் பகுதிக்குச் சென்ற ‘சமா’ என்ற பெண்கள் நலவாழ்வுக் குழுவின் கண்டறிதலிலும் உண்டு. கண்டன முகாம் இந்த இடத்தில் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. ஆனால் அறிக்கையின் இன்னொரு செய்தியை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும்: பெற்றோர் சார்பில் ஒப்பமிடும்படி தலைமை ஆசிரியர்களுக்கு மாநில அரசே அறிவுறுத்தியிருந்தது. குழு அதன் சட்டத்தகுதியைக் கடுமையாகக் கேள்விக்கு உள்ளாக்கியது. அப்படியானால் அந்தக் கையொப்பம் எதைச் சொல்கிறது? தடுப்பூசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேலிடத்து உத்தரவு வந்தது, கீழே ஒப்பம் இடப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. அரிசி வரவு, வருகைப் பதிவு, மருந்துச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் என்று நாள் முழுதும் ஒப்பமிடும் ஒரு காப்பாளரின் மேசையில் அது இன்னொரு தாளாக வந்து சேர்ந்திருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றால் என்ன, மூன்று தவணை எதற்கு, யாருக்குப் போடக்கூடாது என்பவை அவருக்கு விளங்கியிருந்தனவா என்பதற்குப் படிவத்தில் தடயம் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். சில காப்பாளர்கள் மனமாரத் தடுப்பூசியை நம்பியிருக்கலாம். சிலர் தயங்கியிருக்கலாம். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அதன்பின் ஒப்பமிட்டவர்களும் இருந்திருக்கலாம். படிவம் இவர்களைப் பிரித்துக் காட்டாது. மறுக்க வழியில்லாத இடத்தில் இட்ட கையொப்பம் ஆதரவையும் காட்டாது, அலட்சியத்தையும் காட்டாது. ஆகவே அப்படிவங்களின் மேல் நிற்கும் எண்ணிக்கையை ‘ஏற்பு’ என்று அழைப்பது பிழை. திட்டம் இந்தியா, பெரு, உகாண்டா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. அவற்றை ஒப்பிட்டு எழுதும்போது இந்தியாவின் எண்ணையும் குடும்பங்களின் மனப்பாங்குக்கான அளவாக வைக்க நமக்கு உரிமை கிடையாது.

சான்றின் தரம் பற்றியும் ஒரு சொல். நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்வி இதே விவகாரத்தில்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. கல்பனா மேத்தா வழக்கில் 2018 மே 9 அன்று வந்த தீர்ப்பு, அறிக்கையை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் செல்லுந்தன்மையை அங்கே எதிர்த்து வாதிட இயலாது என்றது. நீதிமன்றத்தில் எதிர்க்கேள்விக்கு உட்படாத ஆவணத்தை எதிர்க்கேள்வி கேட்டு வாசிக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது. எடுத்துக்காட்டாக, கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 14,000 என்னும்போது படிவக் கணக்கு 9,543இல் நிற்பதேன்? இந்த இடைவெளியை விளக்காமல் விழுக்காடுகளை மாநிலம் முழுமைக்கும் நீட்டுவது கூடாது. மேலே நான் சொன்ன 29 விழுக்காடும் எண்ணப்பட்ட படிவங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எதிர்வாதங்கள் சில உண்டு. இது மருந்துச் சோதனையல்ல, உரிமம் பெற்ற தடுப்பூசியை மக்களிடம் கொண்டுசேர்க்கும் முறையைப் பார்த்த செயல்விளக்கத் திட்டம் என்பது ஒன்று. பெயர் எதுவானாலும் சிறுமியின் கையில் ஊசி இறங்குகிறது; அதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசி நல்லது என்று பின்னர் நிறுவப்பட்டுவிட்டதே என்பது இன்னொன்று. உண்மைதான். 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது பாதியில் நின்ற மற்றொரு இந்திய ஆய்வில், ஒரே தவணை பெற்ற சிறுமியரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த முடிவு, ஒரு தவணையே போதும் என்ற இன்றைய உலகளாவிய கருத்துக்குத் துணைநின்றது. நானும் இத்தடுப்பூசியை ஆதரிப்பவன். ஊசியின் நன்மை படிவத்தின் பொய்யைச் சரியாக்கிவிடாது. விடுதிப் பிள்ளைக்குக் காப்பாளரே பாதுகாவலர் என்ற மூன்றாவது வாதம், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும் அளவுக்குத்தான் செல்லும்.

இந்த விவாதம் முழுவதிலும் என்னை மிகவும் வருத்துவது வேறொரு பகுதி. திட்டக் காலத்தில் இரு மாவட்டங்களிலும் ஏழு சிறுமியர் இறந்தார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு அவ்விறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்று கண்டது. அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் காரணங்களைப் பாருங்கள். பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து அருந்தித் தற்கொலை. ஒரு முகாம் ‘தடுப்பூசியால் அல்ல’ என்று கோப்பை மூடியது. மற்ற முகாம் ‘தடுப்பூசியாக இருக்கக்கூடும்’ என்று அதைத் திறந்தே வைக்க முயன்றது. பதின்ம வயதைத் தொடும் ஒரு பெண் பூச்சிமருந்தை ஏன் எடுத்தாள், பாம்புக்கடிக்கு மருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது, காய்ச்சலை யார் எப்போது கவனித்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. ‘தொடர்பற்றவை’ என்று ஒதுக்கப்பட்ட இந்தச் சாவுகளே அப்பகுதி மாணவியர் நலவாழ்வின் உண்மையான பட்டியல். தடுப்பூசிக் கண்காணிப்பு இல்லாதிருந்தால் இவை இப்படி ஒருசேர எண்ணப்பட்டிருக்கவே மாட்டா. பிள்ளைகளோடு இரவும் பகலும் இருந்தவர் என்ற முறையில் அந்த விடைகளைச் சொல்லக்கூடியவர் காப்பாளர். அவரிடம் கையொப்பம் வாங்கினார்கள், பேச்சு வாங்கவில்லை.

இதைத் தெலங்கானாவின் பழங்கதையாக நாம் தள்ளிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப் செய்திகளால் பெற்றோர் பின்வாங்கினர், இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க நேர்ந்தது. வதந்தியின் மேல் பழி போடும் விளக்கம் அப்போதும் எளிதாகக் கிடைத்தது. பெற்றோர் முதலில் போய்க் கேட்கும் வகுப்பாசிரியருக்கு விடை தெரிந்திருந்ததா என்பதை ஆராய்ந்திருந்தால் கூடுதலாகக் கற்றிருப்போம். பின்னர், தமிழ்நாட்டின் 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அது போயாக வேண்டும். பெற்றோர் அருகில் இல்லாத பள்ளிகள் அவை.

டில்லியில் பெற்றோர் ஒப்புதல் இல்லாமலே தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட முனைந்ததை 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. படிவம் திரும்பி வராவிட்டால் வகுப்பாசிரியர் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து முடிவைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. கம்மத்தைவிட இது எவ்வளவோ மேல். எனினும் அழைக்கும் ஆசிரியரிடம் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். விடை சொல்ல அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊரார் முன் அவர் பக்கம் யார் நிற்பார்கள் என்பவை திறந்தே கிடக்கின்றன. ‘தடுப்பூசியை ஆதரிக்கிறீர்களா’ என்று ஆசிரியரிடம் கேட்டு மதிப்பெண் போடும் மனப்பாங்கு ஆய்வுகளில் இவற்றுக்கு ஒரு வினாகூட ஒதுக்கப்படுவதில்லை. ஒப்பமிட மறுக்க உங்களால் முடியுமா என்பதே அவரிடம் கேட்க வேண்டிய முதல் வினா. படிவத்திலும் ஒரு மாற்றம் வேண்டும்: ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்று ஒரே கோட்டில் அச்சிடும் வழக்கத்தை விடுதிப் பள்ளிகளில் கைவிட்டு, காப்பாளருக்குத் தனி வரி கொடுத்து, பெற்றோரிடம் எந்த நாளில், எந்த மொழியில், யார் பேசினார்கள் என்பதை அவர் அதில் எழுதச் செய்ய வேண்டும், அந்த வரியை ஒப்புதல் கணக்கில் சேர்க்கக் கூடாது.