அமர மானியமும் வெள்ளிப் பதக்கமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், ஒருகாலத்தில் தொண்டைமான் வம்சத்தின் கிளையினர் ஆண்ட குளத்தூர்ச் சீமையைச் சார்ந்த கீரனூர் வட்டாரத்தில், யுத்தத்திற்குச் சென்றவன் தன் சந்ததிக்கு விட்டுச்சென்ற ஞாபகார்த்தம் நெடுங்காலம் வரையில் பெட்டியில் பூட்டத்தக்க பொருளாக இருந்ததில்லை. அது நிலமாகவே இருந்தது.

போரில் பட்டவனுக்கு நடுகல் நாட்டி, அவன் குடும்பத்தாருக்கு உதிரப்பட்டி என்று காணி விட்ட வழக்கத்தைத் தமிழகத்துச் சாசனங்கள் பேசுகின்றன. அழைத்தபோது ஆயுதத்துடன் வந்து நிற்பதாகிய கடப்பாட்டின்மேல் அமரகாரர்கள் அனுபவித்துவந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அமர மானியத்தை, அவ்வழக்கத்தின் பிற்கால உறவினதாகவே நான் கருதுகிறேன். கர்நாடக யுத்தங்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது தொண்டைமான் தானியமும் உதவியும் அனுப்பிய நாட்களில், இத்தகைய குடிபடைகளே சமஸ்தானத்தின் பலம். பின்னர் போர்த்தொழில் ஓய்ந்துபோக, திவான் சேஷய்ய சாஸ்திரியார் காலத்தில், 1888இல் நிகழ்ந்த இனாம் ஏற்பாட்டினால் சேவகக் கடப்பாடு நீங்கிற்று. நிலம் மட்டும் இலேசான வரியுடன் அவரவர் வம்சத்தில் தங்கிற்று. ஊரார் கண்முன்னே கிடந்து, ஆண்டுதோறும் விளைந்து, பாட்டனின் வீரத்தை நினைவூட்டிய அந்த நிலத்துக்கு ஈடான ஞாபகச் சின்னம் வேறொன்றுண்டோ!

1914இல் மூண்ட மகாயுத்தம் இம்முறையை மாற்றிற்று. சென்னை ராஜதானிப் பட்டாளங்களோடு மெசபடோமியாவுக்குக் கப்பலேறியவர்களின் வீடுகளுக்கு வந்துசேர்ந்தவை, ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் மறுபுறம் குதிரைமேல் ஒரு வீரனும் பொறித்த வெள்ளிப் பதக்கம், மாண்டவராயின் அவர் பெயர் தாங்கிய வெண்கல வட்டத்தகடு, இவையே. இரண்டாம் யுத்தத்திலோ பர்மாக் களத்தினின்று ஆறுமுனை நட்சத்திரம் வந்தது. மலேயாவிலிருந்து மீண்டவர்களின் மடியில், வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் காலத்துப் பத்து டாலர் நோட்டு வந்தது. நிலத்தைப்போல இவை விளையவில்லை. ஊரறிய நிற்கவுமில்லை. பஞ்சம் நேர்ந்தபோது வெள்ளி உருக்கப்பட்டது. கடையில் எடைக்கு எடை மதிப்பு, அவ்வளவுதான். பசித்த குடும்பத்தை இதன் பொருட்டுக் குறைகூற எவருக்கு உரிமையுண்டு? ஆயினும் உருகிப்போனது வெறும் வெள்ளியன்று என்று சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை.

ஏனெனில் முதல் மகாயுத்தப் பதக்கத்தின் விளிம்பில், சிப்பாயின் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் நுண்ணெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாத நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்திலோ, வெள்ளைச் சிப்பாய்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இடம்பெற, சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். கல்லில் இடம்பெறாத பெயரைத் தாங்கிய உலோகம், பெரும்பாலும் அந்தப் பதக்கமும் வட்டத்தகடுமே.