மேகத்தின் முதுகைப் பார்த்தவர்கள்

கடல்களின் மேலே வளிமண்டல மின்சாரத்தை அளந்துவந்த கார்னெகி ஆய்வுக் கப்பலின் பயணம் சமோவாவின் அப்பியா துறைமுகத்தில் முடிந்தது. 1929 நவம்பர் 29 அன்று பெட்ரோல் ஏற்றும்போது வெடித்து, தன் கேப்டன் ஆல்ட்டின் உயிரையும் வாங்கிய அந்த மரக்கப்பல், உலகுக்கு ஒரு வளைகோட்டை விட்டுச்சென்றது. நடுக்கடலில் வானம் தெளிவாக இருக்கும் நாளில், உயரம் ஒரு மீட்டர் கூடும்போது மின்னழுத்தம் சுமார் 130 வோல்ட் கூடுகிறது. எந்தக் கடலில் அளந்தாலும் அந்த அளவு உச்சத்துக்கு வருவது ஒரே வேளையில்தான்: கிரீன்விச் நேரப்படி இரவு 7 மணியை ஒட்டி, அதாவது நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில். நிலத்தில் அளந்தால் புகையும் தூசியும் மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் கணக்கைக் குழப்பிவிடும். கடல்தான் கலப்படமில்லாத தராசு. இடிமேகங்கள் மேல்நோக்கி அனுப்பும் மின்னோட்டம் அயனி மண்டலத்தை இரண்டரை லட்சம் வோல்ட் அளவுக்கு ஏற்றிவைக்கிறது, அது தெளிந்த வானமுள்ள இடங்களில் மெல்ல இறங்குகிறது என்ற இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சனின் கருத்துக்கு அந்த வளைகோடு வலுவான சான்றாயிற்று.

ஆனால் கப்பல் அளந்தது வரவைத்தான். அனுப்புகிறவரை அது பார்க்கவில்லை. மேகத்தின் முதுகில் என்ன நடக்கிறது என்று பார்க்காதவரை கடல் மின்சாரத்தின் கணக்கு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். மீதியில் பெரும்பங்கை எழுதியவர்கள் டென்மார்க்காரர்கள். இடி மின்னலுக்குப் பெயர்போன நாடு அல்ல அது. ஆனாலும் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் எர்ஸ்டெட் கண்டறிந்தது கோபன்ஹேகனில்தான். மேகத்துக்கு மேலே ஒளி பாய்வதாக விமானிகள் சொல்லிவந்தபோது விஞ்ஞானிகள் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. 1989-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தற்செயலாக ஒரு கேமராவில் சிக்கிய பிறகுதான் நம்பினார்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டார்ஸ்டன் நாய்பர்ட் குழு தற்செயலை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அந்நாட்டின் முதல் விண்வெளி வீரரான ஆண்ட்ரியாஸ் மோகன்சன் 2015 செப்டம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, இடிமேகங்களைப் படமெடுக்கும் வேலையையும் ஒப்படைத்து அனுப்பியது. அவருக்கு வாய்த்தது நம் வங்காள விரிகுடா. 160 விநாடி ஓடும் அந்தப் படத்தில் மேக உச்சியில் 245 நீல ஒளிர்வுகள் எண்ணப்பட்டன. அவற்றில் ஒன்று, துடித்துத் துடித்து ஏறி, 40 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது.

ஒருவர் ஒரு ராத்திரி எடுத்த படத்தை அளவீடு என்று சொல்லலாமா? கூடாது, அதை டென்மார்க்காரர்களும் அறிவார்கள். 2018 ஏப்ரலில் அதே நிலையத்தின் வெளிப்புறத்தில் ஆசிம் என்ற கருவித்தொகுதி பொருத்தப்பட்டது அதற்காகத்தான். அதன் ஒளிமானிகள் விநாடிக்கு ஒரு லட்சம் தடவை ஒளியை அளக்கும். 2019 பிப்ரவரி 26 அன்று பசிபிக்கில் நவுரு தீவுக்கு அருகே ஒரு மேகத்தின் உச்சியில் ஐந்து நீலப் பளிச்சிடல்கள் அதில் பதிவாயின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து மைக்ரோவிநாடிதான் நீடித்தது. அவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பிய நீலத் தாரை 50 கிலோமீட்டரையும் தாண்டியது. சாதாரண மின்னலின் சூடான தடம் ஆக்சிஜனின் சிவப்பொளியைப் பலமாகக் காட்டும். இங்கே அந்தச் சிவப்பு மங்கி, நைட்ரஜனின் நீலம் ஓங்கி நின்றது. எனவே இது மேல்நோக்கிப் பாய்ந்த வழக்கமான மின்னல் அல்ல, குளிர்ந்த மின்னிழைகளின் வேலை என்று சொல்ல முடிந்தது. ஒளி வெறும் காட்சியாக நிற்காமல் சான்றாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மின்னலில் பெரும்பங்கு நிலத்தில்தான் வெட்டுகிறது. கடல்மேல் அது மிகக் குறைவு. அப்படியிருக்கக் கடல் மேகங்களை ஏன் இத்தனை பாடுபட்டுப் பார்க்க வேண்டும்? மின்னலின் எண்ணிக்கையும் மேகம் அனுப்பும் மின்னோட்டமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. இடிமேகங்களுக்கு மேலே பறந்து அளந்த ஆய்வு விமானங்களின் கணக்கில், ஒரு மேகத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால், கடல் மேகமே சராசரியாக அதிக மின்னோட்டத்தை மேலே அனுப்பியது. மின்னலே வெட்டாத மழைமேகங்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் நீலத் தாரையே அயனி மண்டலத்துக்கு மின்னூட்டத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று ஆர்வக்கோளாறில் சொல்லிவிடக் கூடாது. 50 கிலோமீட்டரில் அது ஓய்ந்துவிடுகிறது. 80, 90 கிலோமீட்டர்வரை எழுவது ராட்சதத் தாரை எனப்படும் அரிய இனம். ஒளியின் நிறமும் நேரமும் எந்த வகை மின்பாய்ச்சல் என்று காட்டுமே தவிர, எத்தனை கூலோம் போயிற்று என்று அவை மட்டுமே சொல்லிவிடாது. காலத்தைத் துல்லியமாகப் பிரிப்பதில்தான் முன்னேற்றம் இருக்கிறது. விநாடிக்கு 24 படம் எடுத்த 2015-ஆம் ஆண்டு கேமராவால் பத்து மைக்ரோவிநாடி ஒளிர்வைப் பிரித்துக் காட்ட வழியில்லை. 2023 ஆகஸ்டில் மோகன்சன் மறுபடி நிலையத்துக்குப் போனபோது, விநாடிக்கு ஒரு லட்சம் படங்களுக்கு ஈடாக ஒளிமாற்றத்தைப் பதியும் தோர்-டேவிஸ் கேமரா அவர் கையில் இருந்தது.