எடுத்தனூர் நடுகல்: "காத்திருந்தவாறு" என்னும் சொல்லும் கல்லின் அமைப்பும்

செங்கம் வட்டார நடுகற்களைப் பல்லவர் வரலாற்றுக்குச் சான்றாக்கிய ஆய்வுகள் எழுத்துக்கே முதலிடம் தந்தன. ஆட்சியாண்டும் சிற்றரசர் பெயரும் ஊர்ப்பெயரும் பிரித்தெடுக்கப்பட்டன. உருவம் எழுத்துக்குத் துணைவந்த நாட்டார் செதுக்கலாக ஒதுங்கி நின்றது. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இக்கற்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னும் அந்தப் பார்வை பெரிதும் மாறவில்லை. எடுத்தனூர்க் கல்லின் ஒரு சொல்லை உரியபடி வாசித்தால் எழுத்தையும் உருவத்தையும் இப்படிப் பிரிக்க இடமில்லை என்று தோன்றுகிறது.

மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இந்த வட்டெழுத்துக் கல்லில் இரு செய்திகள் உள்ளன. பொற்றொக்கையார் இளமகன் கருந்தேவகத்தி தன் எருமைகளுக்காகப் பட்டதைச் சொல்லும் முதற்செய்தி "கல்" என்று முடிகிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்ததைச் சொல்லும் அடுத்த செய்தி "காத்திருந்தவாறு" என்று முடிகிறது. இதைக் "காத்திருந்தது" என்ற வெறும் கூற்றாகக் கொள்வதே வழக்கம். அதுதான் கருத்தென்றால் வினைமுற்றே போதுமே. பெயரெச்சத்தோடு சேர்ந்த "ஆறு", செயல் நிகழ்ந்த வகையைச் சுட்டும். வீரனருகே செதுக்கிய நாயைப் பார்த்து நிற்பவருக்கு, அது காத்து நின்ற கோலம் இது என்று காட்டுகிறது அச்சொல். "பட்டான் கல்" என்பது அவ்வட்டாரத்தில் பரவலான வாய்பாடு; கருந்தேவகத்திக்கு அது பொருந்தியது. நாய்க்குப் பொருந்தாது, ஏனெனில் நாய் இறந்ததாகக் கல் சொல்லவே இல்லை. அதனால்தான் எழுதியவர் உருவத்தைச் சார்ந்த வேறொரு முடிபை நாடினார் எனலாம். மைப்படியில் எழுத்து வந்து நாய் விடுபட்டால், "ஆறு" சுட்டுவதற்கு அங்கே எதுவும் இராது.

"ஆறு" பொருள் தேய்ந்த ஈறாக இருக்கலாமே என்று கேட்கலாம். அதை முற்றாக மறுக்க இயலாது. ஆனால் அதே கல்லின் முதற்செய்தி தன் முடிபை இத்தனை கறாராகத் தேர்ந்திருக்க, அடுத்ததில் மட்டும் சொல் வீணாயிற்று என்பதை ஏற்பது கடினம். 

உருவமும் எழுத்தும் ஓரமைப்பு என்றால், அந்த அமைப்பு கல்லின் விளிம்போடு முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. இவ்வட்டாரத்தில் வேடியப்பன் என்று வழிபடப்படும் நடுகற்கள் பலவற்றுக்கு மூன்று புறமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒன்றை மூடிய சிற்றறை உண்டு. இவை பிற்காலத்தவை என்று கட்டடக்கலை ஆய்வுகள் கடந்துவிடுகின்றன. ஒவ்வோர் அறையின் காலத்தையும் உறுதிசெய்ய வழியில்லைதான். ஆயினும் புறப்பொருள் வெண்பாமாலை, கல் நடுதலுக்குப் பின் "இற்கொண்டு புகுதல்" என்றொரு துறையை வகுத்திருக்கிறது. நட்ட கல்லுக்கு இல் அமைப்பது இலக்கண நூலார் அறிந்த மரபு. எனவே பலகைகளை ஒட்டுவேலையாகத் தள்ளுவதற்குரிய ஆதாரத்தை, தள்ளுவோர்தாம் காட்ட வேண்டும். அதுவரை, ஒரு கல்லை ஊரிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், அதன் பலகைகள் எப்படி நின்றன, கல் எத்திசை நோக்கியது என்ற அளவுக்குறிப்பாவது உடன் செல்ல வேண்டும்.