விருந்தாளிக்கு வைஃபை கொடுக்கலாமா? - ஒரு சின்ன வரலாறு

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு நீள நோட்டு.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, நாங்கள் ஐந்து பேர் வேறொரு கல்லூரிக்கு வணிகவியல் போட்டிக்குப் போயிருந்தோம். ஸ்லைடு எல்லாம் கூகுள் டிரைவில். வைஃபை பாஸ்வேர்டு கேட்டதும் மேசை மேல் இருந்த நோட்டைத் தள்ளினார்கள். பெயர், கல்லூரி, செல் நம்பர், கையெழுத்து. எங்கள் டீமில் இருந்த இரண்டு பெண்களும் நம்பர் எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் புரட்டுகிற நோட்டில் நம்பர் எழுதினால், ராத்திரி யார் யாரோ "ஹாய்" அனுப்புவார்கள். கடைசியில் என் ஹாட்ஸ்பாட்டில் ஒப்பேற்றினோம். (பரிசு கிடைக்கவில்லை. அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை :-))

அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்ததுதான் கீழே.

கல்லூரிக்கும் கம்பியில்லா இணைப்புக்கும் உறவு பழசு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'வயர்லெஸ் ஆண்ட்ரூ' என்ற வலையை 1993-ல் தொடங்கியது. வைஃபைக்கான 802.11 தரமே 1997-ல்தான் வந்தது! நம் நாட்டில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு கல்லூரிகளிலும் வீடுகளிலும் ரவுட்டர்கள் பெருகின. பலரும் பாஸ்வேர்டே வைக்கவில்லை. பக்கத்து வீட்டு நெட்டில் மெயில் பார்ப்பது அன்றைக்குத் தப்பாகவும் தெரியவில்லை.

2008 எல்லாவற்றையும் மாற்றியது. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடம் முன்னால் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. போலீஸ் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால், அது நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை. பூட்டில்லாத வலையை யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் 23-ல் இரண்டாவது மெயில். இந்த முறை மும்பை மாதுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் வைஃபை. செப்டம்பர் 13, டில்லி குண்டுவெடிப்பின்போது மூன்றாவது மெயில், செம்பூரில் ஒரு கம்பெனியின் வலையிலிருந்து.

வலைக்குச் சொந்தக்காரர்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் விசாரணை முதலில் போய் நின்றது அவர்கள் வாசலில்தான். நம் ஊர் கல்லூரி நிர்வாகங்களின் பயத்தை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2009 பிப்ரவரி 23-ல் தொலைத்தொடர்புத் துறை இணைய சேவை நிறுவனங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. வைஃபையில் யார் வந்தாலும் லாகின் வழியாக அடையாளம் தெரிய வேண்டும். ஓட்டல், விமான நிலையம் போன்ற பொது இடங்களில் இரண்டு வழி: போட்டோ அடையாள அட்டையின் நகலை வாங்கி ஒரு வருடம் வைத்திரு, அல்லது எஸ்.எம்.எஸ்.ஸில் பாஸ்வேர்டு அனுப்பி அந்த நம்பரை ஒரு வருடம் வைத்திரு. இன்றைக்கு எங்கே போனாலும் ஓ.டி.பி. கேட்கிறார்களே, அதன் ஊற்றுக்கண் இதுதான். நோட்டு, இதன் ஏழைத் தம்பி. ஆனால் உத்தரவில் கேட்டது பதிவு. எல்லோரும் படிக்கிற மாதிரி மேசையில் விரித்துப் போடு என்று அதில் இல்லை.

இதே பிரச்சினைக்கு ஐரோப்பாவில் வேறு விடை கண்டுபிடித்திருந்தார்கள். அதுவும் நம் குண்டுவெடிப்புகளுக்கு ஆறு வருடம் முன்னால். நெதர்லாந்தின் சர்ஃப்நெட் அமைப்பில் இருந்த கிளாஸ் வீரெங்கா 2002-ல் ஒரு யோசனை சொன்னார். அடுத்த வருடமே நெதர்லாந்து, பின்லாந்து, போர்ச்சுகல், குரோஷியா எனச் சில நாடுகளில் சோதனை நடந்தது. பெயர் எடுரோம்.

பி.காம் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிளியரிங் ஹவுஸ் ஞாபகம் இருக்கிறதா? வேறு பேங்க் செக்கை நம் பேங்கில் போட்டால், கையெழுத்து சரியா என்று நம் பேங்க் பார்ப்பதில்லை. செக்கின் படம் அதன் சொந்த பேங்குக்குப் போகிறது, "சரி" அல்லது "இல்லை" என்று பதில் வருகிறது. எடுரோமும் அப்படித்தான். நீங்கள் விருந்தாளியாகப் போன கல்லூரியில், உங்கள் கல்லூரி கொடுத்த ஐ.டி.யையே போடுகிறீர்கள். @ குறிக்குப் பின்னால் இருக்கும் கல்லூரிப் பெயரைப் பார்த்து, ரேடியஸ் சர்வர்கள் கேள்வியை உங்கள் கல்லூரிக்குக் கடத்துகின்றன. பாஸ்வேர்டு பூட்டிய உறைக்குள் போவதால் நடுவில் யாருக்கும் தெரியாது. போன இடத்துக்குக் கிடைப்பது, "ஆமாம், இவர் எங்கள் மாணவர்" என்ற பதில் மட்டும்.

நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்து போலீஸ் வந்தால்? எந்த நேரம், எந்தக் கருவி, எந்தக் கல்லூரி ஐ.டி. என்பது போன இடத்தில் பதிவாகியிருக்கும். ஆள் யார் என்பது சொந்தக் கல்லூரிக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தால்தான் பெயர் வரும். செல் நம்பர் எந்த மேசையிலும் கிடக்காது.

இன்று நூறு நாடுகளுக்கு மேல் எடுரோம் இருக்கிறது. இந்தியாவில் இதை எர்நெட் நடத்துகிறது. ஆனால் சேர வேண்டுமென்றால் கல்லூரி ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஐ.டி. கொடுத்து, படிப்பு முடிந்ததும் அதை ரத்து செய்து, ரேடியஸ் சர்வர் ஒன்றை விடாமல் ஓட்ட வேண்டும். ஐ.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு அது பெரிய வேலையில்லை. கம்ப்யூட்டர் லேபுக்கு ஒரே ஒரு அட்டெண்டர் இருக்கிற கல்லூரிகளுக்கு நோட்டுதான் மலிவு, நாற்பது ரூபாய்.

அடுத்த மாதம் எங்கள் டிபார்ட்மென்ட் விழா. வெளிக் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரவேற்புக் குழுவில் நானும் இருக்கிறேன். எடுரோம் எல்லாம் என் கையில் இல்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, எழுதியதும் மூடிய பெட்டியில் போடுவது என்று கேட்டிருக்கிறேன். சார் "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.