உரிமத்திற்கு ஆயத்தமாதல்: அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் புதிய அணுமின் நிலையங்களும்

பாதுகாப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பொன்று புதிய அணுமின் நிலையங்களுக்கு உரிமம் வழங்க ஆயத்தமாக உள்ளதா என்னும் வினாவிற்கு, அதன் பணியாளர் எண்ணிக்கையையும் விண்ணப்பத்தை ஆராய எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கொண்டே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வளவுகோல் போதாது என்பது புலனாகும். 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆணையம் பெருமளவு ஆயத்தமாகவே இருந்தது. அதன்முன் வைக்கப்பட்ட வடிவமைப்புகள்தாம் முழுமை பெறாதிருந்தன.

1954-ஆம் ஆண்டுச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் பொறுப்பையும் கண்காணிக்கும் பொறுப்பையும் ஒரே அமைப்பிடம் ஒப்படைத்திருந்தது. இம்முரணைக் களையும் பொருட்டு 1974-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி, 1975 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் தனித்துச் செயற்படத் தொடங்கியது. எனினும் பழைய ஈரடுக்கு உரிமமுறை தொடர்ந்தது. கட்டுமான அனுமதி முதலில். கட்டி முடித்தபின் இயக்க உரிமம். வடிவமைப்பு முற்றுப்பெறாத நிலையிலேயே கட்டுமானத்தைத் தொடங்க இம்முறை இடமளித்தது. 1979-இல் திரீ மைல் தீவு விபத்து நிகழ்ந்தபின் விதிகள் கடுமையாக, இரண்டாம் கட்டம் பெருந்தடையாயிற்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சீப்ரூக் நிலையம் 1976-இல் கட்டுமான அனுமதி பெற்று, 1990-இல்தான் முழுத்திறன் இயக்க உரிமம் பெற்றது. லாங் தீவின் ஷோர்ஹாம் நிலையமோ, மக்களை வெளியேற்றும் திட்டத்தில் மாவட்ட, மாநில அரசுகள் பங்கேற்க மறுத்ததால், கட்டி முடிக்கப்பட்டும் வணிக உற்பத்தியைத் தொடங்காமலே மூடப்பட்டது.

இவ்வனுபவத்தின் விளைவே 1989-இல் ஆணையம் வகுத்த புதிய விதித்தொகுதி. இடத்திற்கு முன்கூட்டிய அனுமதி, உலை வடிவமைப்பிற்குச் சான்றளிப்பு, கட்டவும் இயக்கவும் சேர்த்து ஒரே கூட்டு உரிமம் என்பன அதன் கூறுகள். 1992-ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் இதற்கு வலுவூட்டியது. வடிவமைப்பு முழுமையாக முடிந்து, சான்று பெற்று, அதன்பின்னரே கூட்டு உரிமம் கோரப்படும் என்பது இம்முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு.

2005-ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் கடன் உறுதியும் வரிச்சலுகையும் அளித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2007 முதல் 2009 வரை 28 உலைகளுக்காக 18 விண்ணப்பங்கள் வந்தன. ஆணையம் 2006-இலேயே புதிய உலைகளுக்கெனத் தனி அலுவலகம் அமைத்துப் பொறியாளர்களைப் பெருமளவில் பணியமர்த்தியிருந்தது.

அடிப்படை எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதற்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஏபி1000 உலையே சான்று. அவ்வடிவமைப்பு 2006-இல் சான்று பெற்றது. ஆயினும் மறு ஆண்டே நிறுவனம் திருத்தங்களை முன்வைத்தது. விமான மோதலைத் தாங்கும் நோக்கில் உலையைச் சூழும் காப்புக் கட்டடம் எஃகும் கான்கிரீட்டும் இணைந்த கட்டமைப்பாக மாற்றப்பட்டது. அது உரிய சுமைகளைத் தாங்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என 2009 அக்டோபரில் ஆணையம் அறிவித்தது. திருத்திய வடிவமைப்பிற்கு 2011 டிசம்பரில்தான் சான்று கிடைத்தது. விமான மோதல் குறித்த விதியை ஆணையமே 2009-இல் இடையில் கொணர்ந்ததையும் இங்குக் கருதவேண்டும். தாமதத்தின் பொறுப்பு முழுவதும் ஒரு தரப்பினுடையதன்று.

ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் 3, 4 உலைகளுக்கான விண்ணப்பம் 2008 மார்ச்சில் அளிக்கப்பட்டு, 2012 பிப்ரவரியில் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் உரிமம் பெற்றது. எதிர்த்து வாக்களித்தவர் ஆணையத் தலைவர் கிரெகரி யாஸ்கோ. புகுஷிமா விபத்தின் படிப்பினைகளை உலைகள் இயங்குமுன் நிறைவேற்றுவதைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதே ஆண்டில், அடித்தளக் கம்பியமைப்பு உரிமத்தில் அடங்கிய வடிவமைப்பினின்றும் வேறுபட்டிருந்தது கண்டறியப்பட்டது. உரிமத்தைத் திருத்தியபின் 2013 மார்ச்சில்தான் அடித்தளக் கான்கிரீட் இடப்பட்டது. இத்தகைய திருத்தங்கள் பின்னர் நூற்றைத் தாண்டின. ஈரடுக்கு முறையில் இறுதியில் தோன்றிய நிச்சயமின்மை, கூட்டு உரிமத்தில் கட்டுமானத்தின் நடுவே இடம்பெயர்ந்தது எனலாம்.

காலக்கணக்கு இதனைத் தெளிவாக்கும். விண்ணப்பத்தை ஆராய எடுத்த காலம் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. உரிமம் பெற்றபின் மூன்றாம் உலை 2023 ஜூலையிலும் நான்காம் உலை 2024 ஏப்ரலிலும் வணிக உற்பத்திக்கு வந்தன. அதாவது பதினொன்று முதல் பன்னிரண்டு ஆண்டுகள். சுமார் 1,400 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு 3,000 கோடி டாலரைக் கடந்தது. தென் கரோலினாவின் சம்மர் நிலையத்திற்கும் 2012-இலேயே உரிமம் கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸ் திவாலான 2017-இல் அங்கிருந்த இரு உலைகளின் கட்டுமானம் கைவிடப்பட்டது. மொத்தம் 14 உலைகளுக்குக் கூட்டு உரிமம் வழங்கப்பட்டுள்ளது; முடிக்கப்பட்டவை வோக்டிலின் இரண்டே. மலிந்த இயற்கை எரிவாயுவும் கட்டுமானச் செலவும் ஏனையவற்றைத் தடுத்தன. தன் செலவில் பெரும்பகுதியைக் கட்டணத்தால் ஈடுசெய்யும் ஆணையம், விண்ணப்பங்கள் அருகியதும் பணியாளரைக் குறைத்தது. தனி அலுவலகமும் 2019-இல் பழைய அலுவலகத்துடன் இணைக்கப்பட்டது.

ஆயினும் அண்மைய கொள்கை, சுணக்கத்தின் மூலத்தை உரிமம் வழங்கும் நடைமுறையிலேயே தேடுகிறது. 2025 மே மாதத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, புதிய உலை விண்ணப்பங்களின் மீது 18 மாதங்களுக்குள் முடிவெடுக்குமாறு பணிக்கிறது. இதற்கிடையே, டென்னசியில் கைரோஸ் நிறுவனம் அமைக்கும் ஹெர்மீஸ் சோதனை உலை 2023 டிசம்பரில் பெற்றது, 1989-இல் மாற்றுக் காணப்பட்ட அதே பழைய ஈரடுக்கு முறையின் கட்டுமான அனுமதி. இயக்க உரிமத்திற்கு அது மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும்.