ஊசி போகும் பாதை

அப்பாவோ பெரியப்பாவோ ஊரில். நாம் தில்லியிலோ பூனாவிலோ உட்கார்ந்து போனில் ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருக்கும் ஜாதி. "பி.எஸ்.ஏ. கூட இருக்காம், புராஸ்டேட்லேர்ந்து சதை எடுத்துப் பார்க்கணுமாம்" என்று அம்மா சொன்னால் நம் முதல் கேள்வி, "கேன்சரா?" இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, "ஊசி எந்த வழியாப் போகுது?" இதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை இருக்கிறது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. அங்கே போக இரண்டு வழி. ஒன்று, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல். இன்னொன்று, மலக்குடலுக்குள்ளிருந்து.

1930-ல் அமெரிக்காவின் ஃபெர்குசன் தோல் வழியாக ஊசி போட்டு சதை எடுத்ததை எழுதினார். 1937-ல் அர்ஜென்டினாவின் அஸ்ட்ரால்டி மலக்குடல் வழியைச் சொன்னார். கிட்டத்தில் இருப்பதால் சுலபம். 1989-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜும் ஸ்டேமியும் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஆறு இடத்தில் சதை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆறு பன்னிரண்டானது. பி.எஸ்.ஏ. சோதனையும் பரவ, உலகமெங்கும் மலக்குடல் வழியே ராஜபாட்டை ஆகிவிட்டது.

ஆனால் மலக்குடல் என்பது கிருமிகளின் குடியிருப்பு. ஒவ்வொரு குத்தும் ஈ.கோலை கிருமியைச் சுரப்பிக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் தள்ளிவிடலாம். அப்புறம் எப்படித் தைரியமாகச் செய்தார்கள்? 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை நம்பித்தான். சுரப்பிக்குள் நன்றாக ஊடுருவும் மருந்து அது.

நாமோ அதைச் சளிக்கும் பேதிக்கும் பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி விழுங்கினோம். அதே குடும்பத்து மருந்தைக் கோழிக்கும் கொடுத்தார்கள். கிருமிகள் பாடம் கற்றுக்கொண்டன. கனடாவின் ஒன்டாரியோவில் 75,000-க்கும் மேற்பட்ட பயாப்ஸிகளை ஆராய்ந்தார்கள். பயாப்ஸிக்குப் பின் 30 நாளுக்குள் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1996-ல் 1 சதவீதம், 2005-ல் 4.1 சதவீதம். பெரும்பாலும் தொற்றுதான் காரணம்.

நம் நாட்டுக்கு இதில் தனி இடம் உண்டு. 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளுக்கே அடங்காத கிருமி கிடைத்தது. அவர் அதற்குமுன் தில்லி ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்பதால், கிருமியின் அந்த நொதிக்கு புதுதில்லி பெயரையே வைத்தார்கள். 2010-ல் அதுபற்றி வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயருக்கு இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெயரை விடுங்கள். பயாப்ஸிக்கு முன் "சமீபத்தில் ஆசியப் பக்கம் போய் வந்தீர்களா?" என்று மேல்நாட்டு டாக்டர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். போய் வந்தவருக்கே அந்தக் கேள்வி என்றால், இங்கேயே குடியிருக்கும் நம் அப்பாக்களுக்கு?

இப்போது சக்கரம் திரும்பியிருக்கிறது. குடலைத் தோல் மாதிரி கழுவித் துடைத்துவிட முடியாதே! ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் தோல் வழியைத்தான் முதலில் வைக்கிறது. 2022-ல் வெளியான நார்வே - ஜெர்மனி ஆய்வில் 555 பேருக்குத் தோல் வழி பயாப்ஸி. பாதிப்பேருக்கு ஆண்டிபயாடிக்கே கொடுக்கவில்லை. இரு பக்கமும் ஒருவருக்குக்கூட செப்சிஸ் வரவில்லை. மலக்குடல் வழியும் ஒரேயடியாகத் தள்ளுபடி இல்லை. முன்கூட்டியே குடல் கிருமியைச் சோதித்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால், அயோடின் கொண்டு சுத்தம் செய்தால், ஆபத்து குறைகிறது. 2017-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வின்படி, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கால்வாசிப் பேருக்கு பயாப்ஸியே தவிர்க்கலாம்.

பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. எந்த வழி, எந்த மருந்து என்று கேளுங்கள். சமீபத்தில் சாப்பிட்ட ஆண்டிபயாடிக்கை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வீடு திரும்பிய சில நாளில் குளிர்காய்ச்சல் வந்தால் "காலையில பார்த்துக்கலாம்" என்பார் அப்பா. கேட்காதீர்கள். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.